ஆறு நாற்பது

காலை ஆறு நாற்பதுக்கு
மர அறுவை ஆலைக்குப் போகும் வழியில்
காரை ஓரங்கட்டுவேன். என்ஜினை அணைப்பதில்லை.
கண்ணாடியை இறக்கி
அந்த வேலிக்கதவை ஒரு படம்.
அவ்வளவுதான். பதினோரு வருடம்.

கதவுக்கு அந்தப் பக்கம் புல்வெளி,
புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஹாலிஸ்தே ஆறு,
அதற்கும் அப்பால், எஸ்தோனிய வரைபடத்தில்
பச்சைக் கோடுகளாகப் போட்டு
ஊர்ப்பெயர் எழுதாமல் விட்ட சதுப்பு.

ஜனவரியில் அந்த நேரம் நள்ளிரவு மாதிரி.
ஹெட்லைட்டில் கதவு மட்டும் எழுந்து நிற்கும்,
மேல்கட்டையில் ஒரு சாண் பனி.
சில நாள் அதன்மேல்
நரி முன்கால் ஊன்றி எட்டிப் பார்த்த தடம்.
நரியை இதுவரை எடுத்ததில்லை.

எங்களுக்குப் பருவம் ஐந்து.
நாலு எல்லோருக்கும் உள்ளவை.
ஐந்தாவது, வெள்ளம்.
மார்ச் கடைசியில் ஆறு படுக்கையை விட்டெழுந்து
புல்வெளி முழுக்க நடக்கும்.
மிதந்து வரும் பனிப்பாளம் இடித்துவிடுமென்று
கதவுகளைக் கீலோடு கழற்றிப் பரணில் ஏற்றுவோம்.
அப்புறம் படங்களில்
நீரில் நிற்கும் இரண்டு தூண்கள்தான்.

மூன்றாம் வருடம், ஏப்ரல் நான்கு:
தூண்களுக்கு நடுவே ஓர் அன்னம்,
சீட்டு வாங்கிக்கொண்டு நுழைவதுபோல.
அதே வாரம் ஒரு கடமான், கழுத்தளவு நீரில்.
வேலி முழுதும் முங்கிக் கிடக்கிறது,
எங்கு வேண்டுமானாலும் கடக்கலாம்.
அது வாசல் வழியாகத்தான் வந்தது.

ஏப்ரல் ஒன்பது கலங்கிய படம்.
கார் போக வழியில்லை, தோணியிலிருந்து எடுத்தது.
தெரிவது ஒரு வளையம் மட்டும்:
முங்கிய புல்லில் முட்டையிட வந்த பைக் மீன்
வாலால் அடித்துவிட்டுப் போன வளையம்.

ஒருமுறை, முதல் நாரை வந்த தேதிக்கு
ஐதாவும் பிரீதிக்கும் பந்தயம் கட்டினார்கள்,
ஒரு போத்தல் வீட்டுச் சாராயம்.
என் சமையலறையில் வந்து உட்கார்ந்து
படத்தைக் காட்டு என்றார்கள்.
மார்ச் இருபத்திரண்டு, இடது மேல்மூலையில் ஒரு புள்ளி.
நாரை என்றாள் அவள். தூசி என்றான் அவன்.
பெரிதாக்கினேன், கட்டம் கட்டமாக உடைந்தது.
மறுநாள் படத்தில் அதே இடத்தில் அதே புள்ளி.
ஐதா போத்தலைக் கொடுத்தனுப்பினாள்,
பாதி குடித்துவிட்டு.

இந்த வருடம்
பிப்ரவரியில் மழை பெய்தது.
ஹெட்லைட்டில் மேல்கட்டை வெறுமனே நனைந்திருந்தது,
நரி வந்ததா என்று கேட்கவும் வழியில்லை.
மார்ச் இருபத்தாறு, வழக்கம்போல் கதவைக் கழற்றினேன்.
வராத விருந்துக்கு உலை வைக்கிறாயா என்றான் பிரீதிக்.
ஆனாலும் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.

இரண்டு தூண், சேறு, போன வருடத்து மஞ்சள் புல்.
இரண்டு தூண், சேறு.
ஆறு நாற்பது. ஆறு வரவில்லை.
இரண்டு தூண்.
ஏப்ரல் பதினேழு: நடுவில் ஒரு முயல்,
பாதி வெள்ளை, பாதி பழுப்பு,
எதை நம்பி உடுப்பதென்று தெரியாமல்
நேராக லென்ஸைப் பார்க்கிறது.

ஐதா அந்தப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தாள்.
முயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பைக் மீன் எங்கே போகும் என்றாள்.
பிரீதிக் அடுப்பில் விறகை நகர்த்தினான்,
எரிந்துகொண்டிருந்த விறகை.

ஒருநாள் என்ஜினை அணைத்துப் பார்த்தேன்.
உள்ளான் ஒன்று மேலேயிருந்து சரிந்து
வாலிறகால் விம்மியது.
எங்கோ வாய்க்காலில் தண்ணீர்,
கொஞ்சம்தான்.
ஆலைக்கு எட்டு நிமிடம் தாமதம்.

மே பன்னிரண்டு.
மாடுகளைப் புல்லுக்கு விடவேண்டும்,
கதவை மாட்டு என்கிறாள் ஐதா.
நாளைக்கு என்றேன்.
நாளைக்கு, ஆறு நாற்பதுக்குப் பிறகு.